கல் எப்போது பழகும்?

கேள்வி: புதிதாக இரும்பு தோசைக்கல் வாங்கினேன். எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தோசை பிய்ந்துதான் வருகிறது. மாமியாரின் பழைய கல்லிலோ ஒரு சொட்டு எண்ணெயில் தானாக எழும்புகிறது. இரண்டும் இரும்புதானே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரும்பு ஒன்றுதான் அம்மா, மேல்தோல்தான் வேறு. சோப்புப் போட்டுக் கழுவிய உங்கள் புதுக்கல்லிலும் மாமியாரின் கல்லிலும், இரண்டும் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். புதுக்கல்லில் சொட்டு பரவிப் படுத்துவிடும். பழைய கல்லில் திரண்டு நிற்கும். தண்ணீர் பற்றிப் பரவுகிற இடத்தில் மாவும் பற்றிக்கொள்ளும்.

கைக்கு வழவழப்பாக இருந்தாலும் இரும்பின் மேல் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. மாவு அவற்றில் இறங்கி, அங்கேயே வெந்து இறுகுகிறது. போதாததற்கு, உளுந்தின் புரதம் சூடான வெற்று உலோகத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

பதினாறு வயதில் என் அம்மாவின் கல்லில் இருந்த கறுப்பை அழுக்கு என்று நினைத்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். மறுநாள் ஒரு தோசைகூட எழும்பவில்லை. அம்மா திட்டவில்லை. ஒரு வாரம் தினமும் இரவில் நல்லெண்ணெய் தொட்ட துணியால் கல்லைத் துடைத்து, புகை வரும்வரை காயவைத்தார். பிறகு வேதியியல் படித்தபோதுதான் அவர் செய்தது விளங்கியது. சூட்டில் எண்ணெய் மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கெட்டியான படலமாக மாறுகின்றன. அந்தக் கறுப்பு இதுதான். பள்ளங்களை நிரப்பி, மாவுக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்பதும் இதுதான்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். எண்ணெய் மிக மெல்லிதாக இருக்கட்டும். தடிமனாக விட்டால் பிசுக்காகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது எளிதில் இப்படிப் பின்னிக்கொள்ளாது. அந்தக் கல்லில் புளிக்குழம்பைச் சூடுபடுத்தாதீர்கள். புளிப்பு படலத்தை அரித்துவிடும். எண்ணெயில்லாமல் சப்பாத்தி சுடுவதற்கும் வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட சூட்டில் படலம் கருகி உதிரும்.

சூடும் முக்கியம். தெளித்த தண்ணீர் ‘சுர்’ என்று அடங்கினால் மாவு ஊற்றலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகம். சொட்டுக்கு அடியில் நீராவி மெத்தை உண்டாகி அதைத் தூக்கிப் பிடிக்கிறது. லைடன்ஃப்ரோஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் இதைக் கண்டு 1756-இல் எழுதி வைத்தார். அந்தச் சூட்டில் மாவைத் தேய்த்தால் கரண்டியோடு சுருண்டு வரும்.

கேள்வி: எதுவும் ஒட்டாத நான்-ஸ்டிக் பூச்சு, பாத்திரத்தில் மட்டும் எப்படி ஒட்டுகிறது?
– வாசகர், மதுரை

பதில்: அருமையான கேள்வி. 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர், இந்தப் பூச்சுக்கான டெஃப்லான் என்ற பொருளைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அதை வாணலியில் பிடிக்கவைக்கும் வழியை 1954-இல் கண்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரெகுவார். அலுமினியத்தை அமிலத்தால் அரித்து நுண்குழிகளை உண்டாக்கி, அவற்றில் டெஃப்லான் இறங்கி இறுகும்படி செய்தார். ஆக, அங்கே நடப்பது பசை ஒட்டுவது போன்றதல்ல, கொக்கி மாட்டுவது போன்றது. தஞ்சாவூர் வாசகியின் தோசையைப் பிய்க்கிற அதே பள்ளங்கள்தான் இங்கே பூச்சைப் பிடித்து வைக்கின்றன. உலோகக் கரண்டியால் கீறினால் அந்தப் பிடி விட்டு, ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். மரக்கரண்டி பயன்படுத்துங்கள்.