சராசரி இரண்டு: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

தொற்றுநோய்க் கணக்குகள் பற்றி நீங்கள் எழுதும் தொடரை முதல் பகுதியிலிருந்து படித்து வருகிறேன். நான் முதுகலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு. எச்.ஐ.வி.யும் மற்ற பால்வினை நோய்களும் பரவுவதற்கான கணித மாதிரியை ப்ராஜெக்ட்டுக்கு எடுத்திருக்கிறேன். வீட்டில் சொன்னபோது அப்பா, "ஒழுக்கமா இருந்தா வராத நோய்க்கு என்னத்துக்குக் கணக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கும் இரண்டு சங்கடங்கள் இருக்கின்றன. படிக்கிற கட்டுரைகளில் எல்லாம் 'மையக் குழு', 'அதிக ஆபத்துள்ள குழு' என்று வருகிறது. சமன்பாட்டைக் காட்டிச் சில மனிதர்கள் மீது முத்திரை குத்துகிறோமோ என்று உறுத்துகிறது. இன்னொன்று, 2009-ல் வந்த ஒரு பிரபலமான மாதிரி, எல்லோரையும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, தொற்று இருந்தால் உடனே மருந்து கொடுத்தால் பத்து வருடத்தில் புதிய தொற்றுகள் வெகுவாகக் குறைந்துவிடும் என்றது. அப்படி நடக்கவில்லை. தப்பாகிப்போகிற கணக்கைப் போட்டு என்ன பயன்?

பெயர் வெளியிட வேண்டாம், அக்கா.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அப்பாவின் கேள்விக்கும் உங்கள் முதல் சங்கடத்துக்கும் ஒரே கணக்கில் பதில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு தாள் போதும்.

100 பேர் உள்ள ஒரு கூட்டம். அதில் 90 பேருக்கு வருடத்தில் ஆளுக்கு ஒரு துணை. மீதி 10 பேருக்கு ஆளுக்கு 11 துணை. 90-ம் 110-ம் சேர்ந்து 200. சராசரி 2. இந்தக் கூட்டத்துக்குள் ஒரு தொற்று வருகிறது. ஒரு உறவில் அது கடந்து போகும் வாய்ப்பு 0.2. ஒருவர் உடம்பில் ஒரு வருடம் இருக்கிறது, பிறகு மருந்தில் குணமாகிவிடுகிறது. கொனோரியா என்ற பால்வினை நோய் மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.

ஆர் நாட், அதாவது தொற்றுள்ள ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்ற எண், பீட்டா, சி, டி மூன்றின் பெருக்கல் என்று உங்களுக்குத் தெரியும். கடக்கும் வாய்ப்பு, துணைகளின் எண்ணிக்கை, தொற்று இருக்கும் காலம். சராசரியைப் போட்டால் 0.2 × 2 × 1 = 0.4. ஒன்றுக்குக் கீழே. நோய் தானாக அணைந்துவிடும், யாரும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று விடை வருகிறது.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். நோய் ஆட்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பதில்லை, உறவின் வழியாகவே வந்து சேருகிறது. ஒவ்வொரு உறவுக்கும் இரண்டு முனை. நம் கூட்டத்தில் மொத்தம் 200 முனைகள், அதில் 110 அந்தப் பத்துப் பேருடையவை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையைத் தொட்டால், 55 சதவீத வாய்ப்பில் 11 துணை உள்ள ஒருவரிடம் போய் நிற்போம். மீதி 45 சதவீத வாய்ப்பில் ஒரு துணை உள்ளவரிடம். 0.55 × 11, அதோடு 0.45 × 1. கூட்டினால் 6.5. நமக்குச் சராசரி 2, நோய்க்கு 6.5. இப்போது ஆர் நாட் 0.2 × 6.5 × 1 = 1.3. நோய் வளர்கிறது.

கொனோரியாவை வைத்து ஹெத்கோட், யார்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1984-ல் மையக் குழு என்று சொன்னது இந்தப் பத்துப் பேர் போன்றவர்களைத்தான். ராபர்ட் மேயும் ராய் ஆண்டர்சனும் 1987-ல் எச்.ஐ.வி.க்கு இந்தக் கணக்கையே ஒரு வரியில் எழுதினார்கள்: சராசரியோடு, விலக்க வர்க்கச் சராசரியைச் சராசரியால் வகுத்துக் கூட்டு. நம் கூட்டத்தில் விலக்க வர்க்கச் சராசரி 9. 2 + 9/2, அதே 6.5. முதல் தடவை இதைக் கையால் போட்டு இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இன்னும் நினைவிருக்கிறது.

சரி, இப்போது அந்த 90 பேரைப் பாருங்கள். ஆளுக்கு ஒரே ஒரு துணை. உங்கள் அப்பாவின் அளவுகோலில் ஒரு குறையும் சொல்ல முடியாதவர்கள். அவர்களும் ஆளுக்கு ஒரு முனையைத்தான் பிடித்திருக்கிறார்கள். மறுமுனையில் இருப்பது அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருக்க 55 சதவீத வாய்ப்பு. அதாவது, 90 பேரில் ஏறக்குறைய 50 பேருடைய ஒரே துணை அந்தப் பத்துப் பேரில் ஒருவர். பெரும்பாலும் அது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நிஜ வாழ்க்கையில் மனிதர்கள் இப்படிக் கலந்து பழகுவதில்லை, தங்களைப் போன்றவர்களோடுதான் அதிகம் பழகுவார்கள் என்று உங்கள் வழிகாட்டி சொல்வார். உண்மைதான். 50 என்பது 30 ஆகலாம், 15 ஆகலாம். பூஜ்யம் ஆகாது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஒழுக்கமாக இருந்தும் இந்த நோய் வந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் யாருக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்ட ஒரு பெண்ணின் எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு வாழ்நாளில் கணவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

காலமும் இதில் சேர்கிறது. ஒருவருக்கு வருடத்தில் இரண்டு துணை என்று வைத்துக்கொள்வோம். முதல் உறவு முடிந்த பிறகு இரண்டாவது என்றால், இரண்டாமவரிடமிருந்து வரும் தொற்று முதலாமவரைத் தொட வழியில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால் வழி திறந்துவிடும். எண்ணிக்கை ஒன்றுதான், வரிசைதான் மாறுகிறது. இதில் என்னை உலுக்குவது ஒன்று உண்டு. இரண்டு துணை வைத்திருப்பவருக்கு இரண்டு ஏற்பாட்டிலும் தன் சொந்த ஆபத்து கிட்டத்தட்ட அதேதான். கூடுகிற ஆபத்து முழுவதும் எதிரில் இருக்கும் துணையின் தலையில் விழுகிறது. ஆப்பிரிக்காவின் எச்.ஐ.வி. பரவலில் இதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்களுக்குள் பெரிய வாதமே நடந்திருக்கிறது. அந்த வாதத்தையும் ப்ராஜெக்ட்டில் சேருங்கள்.

இப்போது உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். நீங்கள் பயப்படுவது வீண் பயம் இல்லை, அது நடந்திருக்கிறது. எய்ட்ஸ் புதிதாக வந்த காலத்தில், அது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதுதானா என்றுகூட உறுதியாகத் தெரியாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மைய ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் பேசி, யாருக்கும் யாருக்கும் உறவு இருந்தது என்று வட்டங்களும் கோடுகளுமாக ஒரு படம் வரைந்து 1984-ல் வெளியிட்டார்கள். 40 வட்டங்கள். ஆய்வு கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அந்த மாநிலத்துக்கு வெளியே இருந்து வந்த ஒருவரைக் குறிக்க 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டிருந்தார்கள். அதைப் பூஜ்யம் என்று படித்தார்கள். கேத்தன் டூகா என்ற கனடா விமானப் பணியாளர் அப்படித்தான் 'நோயாளி பூஜ்யம்' ஆனார், ஒரு கண்டத்துக்கே நோயைக் கொண்டுவந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் 1984-லேயே இறந்துபோயிருந்தார், பதில் சொல்ல ஆள் இல்லை. 2016-ல் பழைய ரத்த மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்து பார்த்தபோது, வைரஸ் 1970 வாக்கிலேயே நியூயார்க்குக்கு வந்துவிட்டது என்றும், அவர் தொடக்கம் இல்லை என்றும் தெளிவானது. படத்தின் நடுவில் அவர் எப்படி வந்தார்? ஆய்வாளர்கள் கேட்டபோது மற்றவர்களைவிட அதிகமான துணைகளின் பெயர்களை நினைவுபடுத்திச் சொல்லி உதவியவர் அவர். நிறையப் பெயர் சொன்னவரிடமிருந்து நிறையக் கோடுகள் கிளம்பும். மறைத்தவர்கள் ஓரத்தில் நின்றார்கள்.

அந்தப் படம் கேட்ட கேள்வி, இது உறவின் வழியாகத் தொற்றுகிறதா என்பது. சரியான கேள்வி, சரியான விடையும் கிடைத்தது. யார் கொண்டுவந்தது என்பது படிக்கிறவர்கள் தாங்களாகப் போட்டுக்கொண்ட கேள்வி. உங்கள் சமன்பாட்டிலும் அப்படித்தான். குற்றத்துக்கு அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

அவமானத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது, டி-க்குள். நம் கணக்கில் ஆர் நாட் 1.3. தொற்று இருக்கும் காலத்தை 12 மாதத்திலிருந்து 9 மாதமாகக் குறைத்துப் பாருங்கள். 1.3 × 0.75 = 0.975. நோய் அணையத் தொடங்குகிறது. அந்தப் பத்துப் பேரும் மூன்று மாதம் முன்னதாக ஒரு மருத்துவரைப் பார்க்கத் துணிந்தாலே பெரும்பங்கு வேலை முடிந்துவிடும். அதே பத்துப் பேரை ஊரும் மருத்துவமனையும் முகம் சுளித்துப் பார்த்து, அவர்கள் பயந்து இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போட்டால் காலம் 15 மாதம், ஆர் நாட் 1.6. முகம் சுளித்தவர்களின் பிள்ளைகளும் அந்த 90 பேருக்குள் இருப்பார்கள். 'அதிக ஆபத்துள்ள குழு' என்ற சொல் உங்களுக்கு உறுத்தினால் அதை எழுதாதீர்கள், 'முதலில் உதவி போய்ச் சேர வேண்டியவர்கள்' என்று எழுதுங்கள். கணக்கு மாறாது.

எச்.ஐ.வி.யில் எண்கள் வேறு மாதிரி. ஆணுக்குத் தொற்று இருந்து சிகிச்சை இல்லாதபோது, ஒரு முறை உடலுறவில் பெண்ணுக்குக் கடக்கும் வாய்ப்பு சராசரியாக 10,000-க்கு 8. குதவழி உறவில் ஏற்பவருக்கு 138. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டால் 9,000-க்கும் மேல். பெரும்பாலும் பீட்டா சின்னதுதான், ஆனால் மருந்தில்லாவிட்டால் டி பத்து வருடம் வரைக்கும் போகும், அதில் பெரும்பகுதி வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகம், அப்போது பீட்டாவும் ஏறிவிடும். மாதிரியில் இந்த முதல் கட்டத்தைத் தனிப் பெட்டியாகப் போடாவிட்டால் விடை கோணலாக வரும்.

2009 மாதிரிக்கு வருவோம். உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் தென்னாப்பிரிக்கா போன்ற நிலைமையை எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. உடம்பில் எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்த பிறகுதான் மருந்து என்று இருந்த காலம். மருந்து தொற்றைத் தடுக்குமா என்பதற்கே அப்போது முழு நிரூபணம் இல்லை. 2011-ல் அது வந்தது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை வைத்து நடந்த சோதனையில், சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குக் கடப்பது 96 சதவீதம் குறைந்தது. வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவு வழியாகக் கடப்பதே இல்லை என்பதும் பிறகு உறுதியானது. ஆக, மாதிரியின் அடிப்படை அனுமானம் சரிதான்.

பிறகு ஊர் ஊராகச் சோதித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் க்வாஸுலு-நட்டாலில் நடந்த பெரிய சோதனையில் புதிய தொற்றுகள் குறையவில்லை. ஜாம்பியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 21 பகுதிகளில் நடந்த இன்னொன்றில், ஒரு பிரிவில் சுமார் 30 சதவீதம் குறைந்தது. ஏன் இப்படி? உங்கள் மாதிரியின் படத்தை எடுத்துப் பாருங்கள். 'பரிசோதனை' என்று ஒரு பெட்டி, 'சிகிச்சை' என்று ஒரு பெட்டி, நடுவில் ஒரு அம்புக்குறி. வரைய ஒரு நொடி ஆகாது. க்வாஸுலு-நட்டாலில் வீட்டுக்கே வந்து பரிசோதித்தபோது பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டார்கள். தொற்று இருப்பது தெரிந்தவர்களில் பலர் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை. இளைஞர்கள், குறிப்பாக ஆண்கள், வேலைக்காக வெளியே போயிருந்தார்கள். பக்கத்துவீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம், ஒருநாள் கூலி போய்விடும் என்ற கணக்கு, நன்றாகத்தானே இருக்கிறேன் என்ற நினைப்பு, எல்லாம் அந்த ஒரு அம்புக்குறிக்குள் இருந்தது.

அந்த மாதிரி இல்லாமல் சோதனைகள் நடந்திருக்காது, அம்புக்குறியைப் பற்றி யாரும் இவ்வளவு யோசித்திருக்கவும் மாட்டார்கள். 2015-ல் உலக சுகாதார நிறுவனம், தொற்று தெரிந்த எல்லோருக்கும் உடனே மருந்து என்று பரிந்துரைத்தது. எத்தனை உயிர் அதில் பிழைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதனால் 'தப்பாகிப்போன கணக்கு' என்று அதை என்னால் சொல்ல முடியாது. எங்கே பிசகியது என்று காட்டிக்கொடுத்த கணக்கு.

2020-க்குள் எட்ட வேண்டும் என்று வைத்த 90-90-90 இலக்கையும் உங்கள் அம்புக்குறிகளோடு சேர்த்துப் பாருங்கள். தொற்றுள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரிய வேண்டும், அவர்களில் 90 சதவீதம் பேர் மருந்தில் இருக்க வேண்டும், அவர்களில் 90 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருக்க வேண்டும். மூன்றையும் பெருக்கினால் 73 சதவீதம்தான். நூற்றுக்கு 27 பேர் வெளியே நிற்கிறார்கள். அந்த 27 பேர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டம் முழுக்கச் சமமாகச் சிதறி இருந்தால் ஒரு விடை. நம் கணக்கின் பத்துப் பேர் மொத்தமும் அந்த 27-க்குள் அகப்பட்டிருந்தால் வேறு விடை.

ப்ராஜெக்ட்டில் சி-யை ஒரே எண்ணாக வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அதை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பரிசோதனையிலிருந்து சிகிச்சைக்குப் போகும் அம்புக்குறிக்கு இரண்டு குழுவுக்கும் வேறு வேறு வேகம் கொடுங்கள். 27 பேரை முதலில் சமமாகவும், அப்புறம் ஒரே குழுவிலும் வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டு வரைபடங்களும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன்னால் 100 பேர் கணக்கை அப்பாவுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா