சன்னல் கண்ணாடி துடைக்க எதை வாங்கலாம்? குமரி மாவட்ட வீடுகளுக்கான கேள்வி பதில்

நாகர்கோவிலில் அலுமினியம், கண்ணாடி வேலை செய்கிறேன். சன்னல் மாட்டி முடித்துக் கிளம்பும்போது, "இதை எதை வைத்துத் துடைக்க?" என்று கேட்காத வீடு குறைவு. பல ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் குளச்சலில் கண்ணாடியில் படிவது உப்பு, குலசேகரத்தில் பாசி, ஆரல்வாய்மொழியில் புழுதி. உங்கள் கண்ணாடியில் என்ன படிகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு அக்கா: அண்ணாச்சி, வீடு கடலுக்குப் பக்கம். காலையில் துடைத்தால் சாயங்காலம் மங்கிவிடுகிறது. நல்ல மைக்ரோஃபைபர் துணி வாங்கியும் கோடு கோடாக நிற்கிறது. ஸ்ப்ரேயை மாற்றட்டுமா?

ஸ்ப்ரேயில் குறை இல்லை அக்கா. துணி போடுவதற்கு முன்னால் தண்ணீர் போட வேண்டும். கண்ணாடியில் இருப்பது உப்பு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அதனால்தான் சாயங்காலம் பால் படிந்த மாதிரி ஆகிறது. ரெண்டு சொட்டு ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிர போகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பக்கத்துக் காற்றில் மணலும் வரும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் கார்னெட், சிர்கான் என்ற கடினமான தாதுக்கள் இருக்கின்றன. மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி சுமார் 5.5, சாதாரண மணலிலுள்ள குவார்ட்ஸ் 7, சிர்கான் 7.5. கண்ணாடியைவிடக் கடினமான பொடியைக் காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். விழுந்த கீறலை எந்த மருந்தும் எடுக்காது. அதனால் கடற்கரை ஊர்க்காரர்கள் காய்ந்த கண்ணாடியில் துணியே வைக்காதீர்கள்.

வாங்க வேண்டியது இவ்வளவுதான்: அகலமான ஒரு பக்கெட், தண்ணீர் பூசுவதற்கு துணி உறை போட்ட டி வடிவக் கட்டை, ஒற்றை ரப்பர் வைத்த கண்ணாடி வைப்பர், ரெண்டு மைக்ரோஃபைபர் துணி. முதலில் மேலிருந்து கீழாக வெறும் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். அரை பக்கெட் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டால் போதும். அதைக் கட்டையால் பூசி, வைப்பரால் ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பர் முனையைத் துணியில் ஒரு தடவை துடைத்துக்கொள்ள வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, கோடு விழுவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், சூடான கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் இழுப்பதற்குள் காய்ந்துவிடும்.

அதே அக்கா: தரை இழுக்கும் வைப்பர் வீட்டில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. அதில் இருப்பது பெரும்பாலும் தடித்த ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச், முனை மொழுக்கென்று இருக்கும். கண்ணாடிக்கு முனை கூர்மையாக வேண்டும். கடையில் வாங்கும்போது ரப்பர் முனையில் பெருவிரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள், எங்காவது நெருடினால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். மேஜைக் கண்ணாடியில் வைத்து லேசாக அழுத்தினால் நுனி முதல் நுனி வரை இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். ரப்பரை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய ஸ்டீல் அல்லது பித்தளைப் பட்டை வைத்ததாகக் கேளுங்கள். ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போடலாம், அதுவும் தேய்ந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். பிடி பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக வாங்க வேண்டாம், உங்கள் காசு ரப்பருக்குப் போகட்டும்.

தக்கலை, ஓடு போட்ட பழைய வீடு: அயினி மரச் சன்னல், உள்ளே நெட்டுக் கம்பி, கதவு வெளியே திறக்கும். சின்னச் சின்னக் கண்ணாடி. எந்த வைப்பரும் உள்ளே நுழைய மாட்டேன் என்கிறது.

கடைக்குப் போவதற்கு முன் ஸ்கேல் எடுத்து இரண்டு அளவு எடுங்கள் ஐயா: கம்பிக்குக் கம்பி இடைவெளி, ஒரு கண்ணாடியின் அகலம். வைப்பர் தலை கண்ணாடி அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். உங்களுக்கு 15 சென்டிமீட்டர் தலை சரியாக வரும் என்று நினைக்கிறேன். கம்பி நெட்டாக இருப்பதால் வைப்பரையும் நெட்டாகத் திருப்பி நுழைத்து, அந்தப் பக்கம் போனதும் படுக்கையாகத் திருப்பலாம். தலை அசையும்படி இருந்தால் இன்னும் வசதி. பூ டிசைன் கிரில் உள்ள வீடுகளில் இந்த வித்தை நடக்காது, அங்கே கையில் சுற்றிய துணிதான் கதி.

மரச் சட்டத்தில் தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பீடிங் (ஓரத்து மெல்லிய மரப்பட்டி) வழியாக ஈரம் இறங்கி மரம் உப்பிவிடும். கட்டையை நன்றாகப் பிழிந்து பூசினால் போதும். மூலையில் நூலாம்படை இருந்தால் பழைய பெயின்ட் பிரஷ் வைத்து முதலில் தட்டிவிடுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் துடைக்கும் காந்த வைப்பர் ஆன்லைனில் பார்த்தேன். மாடிக்கு வாங்கலாமா அண்ணா?

உங்கள் கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாமல் வாங்காதீர்கள். ஒவ்வொரு காந்தமும் குறிப்பிட்ட தடிமனுக்குச் செய்தது. தடிமன் கூடினால் வெளிப்பக்கத்துக் கட்டை கீழே விழும், குறைந்தால் ஒட்டிக்கொண்டு நகரவே நகராது. வெளியே கிரில்லோ கொசு வலையோ இருந்தால் பேச்சே இல்லை. இதெல்லாம் ஒத்துவந்தாலும், காந்தம் இழுக்கும் இழுப்பில் நடுவே ஒரு மணல் மாட்டினால் கண்ணாடி முழுக்கக் கோடு போட்டுவிடும். கடற்கரை வீட்டுக்கு வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். உங்கள் ஊரில் வாங்கினாலும் பாதுகாப்புக் கயிற்றைக் கட்டாமல் ஒரு தடவைகூட எடுக்காதீர்கள், கீழே நடப்பவர் தலையில் விழும்.

ஆரல்வாய்மொழி: ஸ்லைடிங் சன்னல். கண்ணாடியைவிடக் கீழே ஓடும் தடம்தான் தொல்லை. காற்றில் வரும் மண் அடைந்து கதவு நகரவில்லை, மழையில் தண்ணீர் உள்ளே வருகிறது.

முப்பந்தலில் காற்றாலை சுற்றும் அதே காற்று உங்கள் தடத்தில் மண்ணைக் கொண்டுவந்து போடுகிறது, அதைத் தடுக்க வழியில்லை. தண்ணீர் ஊற்றினால் சேறாகிவிடும், அதனால் முதலில் உலர்வாகவே எடுங்கள். விறைப்பான முள் உள்ள சின்னப் பிரஷ், வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் ஒடுங்கிய மூக்கு, மூலைக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். அப்புறம் தடத்தின் வெளிப்பக்கச் சுவரில் பாருங்கள், சின்னத் துளைகள் இருக்கும். தண்ணீர் வெளியே போவதற்கென்றே போட்டது அது. அடைத்திருந்தால்தான் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வழிகிறது. ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. இரண்டுக்கும் முன்னால் இந்தத் துளைகளைப் பார்த்துவிடுங்கள். சக்கரம் ஓடவில்லை என்று தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், புழுதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வடசேரி: செய்தித்தாள் வைத்துத் துடைப்பது நல்லதா?

கழுவின பிறகு மெருகேற்ற நல்லதுதான். வெள்ளை யுபிவிசி (பிளாஸ்டிக்) சட்டத்திலும் வெள்ளை பெயின்டிலும் மை படும், அங்கே வேண்டாம்.

நாகர்கோவில், அடுக்குமாடி: போர்வெல் தண்ணீர். கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி. பாத்ரூம் ஆசிட் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். ஆசிட் அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும், கையையும் மூச்சையும் கெடுக்கும். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துப் புள்ளிமேல் ஒட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு துடைத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கீழே மார்பிள் படி இருந்தால் வினிகர் அதில் சொட்டக் கூடாது. பல வருடம் ஊறிய கறை கண்ணாடியையே அரித்திருக்கும், அது வினிகருக்கு மசியாது.

கடைசிக் கழுவலுக்கு ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதில் உப்பு அநேகமாக இல்லை. மழைத் தண்ணீரும் நல்லது. ஆர்ஓ மிஷின் வெளியே தள்ளும் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

குலசேகரம்: சுற்றிலும் ரப்பர் தோட்டம். ஓரங்களில் பச்சைப் பாசி. ரப்பர் ஷீட்டைக் காய வைக்கப் புகை போடும் பக்கத்துச் சன்னலில் தவிட்டு நிறத்தில் பிசுக்கு.

பாசிக்கு மென்மையான நைலான் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். பிசுக்கை எடுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் லிக்விடைக் கொஞ்சம் கூட்டிக் கலந்து பூசி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு இழுங்கள். ஸ்டீல் நார் கூடாது. கொதிக்கும் தண்ணீரும் கூடாது, கண்ணாடி விரிசல் விடலாம். இந்தச் சன்னலுக்கென்று தனித் துணி வையுங்கள்.

திங்கள்சந்தை, புது வீடு: கண்ணாடியில் பெயின்ட் துளி. பிளேடால் சுரண்டலாமா?

கண்ணாடி சுரண்டும் பிளேடு பிடியோடு கிடைக்கிறது, புது பிளேடு போட்டு, கண்ணாடியை நன்றாக நனைத்து, முன்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். பின்னால் இழுத்தால் அடியில் மாட்டிய துகள் கீறும். சன் கன்ட்ரோல் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியிலும் டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியிலும் பிளேடே வேண்டாம்.

முட்டம்: மாடிச் சன்னலின் வெளிப்பக்கத்துக்கு சன்ஷேடில் ஏறித்தான் துடைக்கிறோம். வேறு வழி?

இனி ஏறாதீர்கள், வீட்டில் யாரையும் ஏறவும் விடாதீர்கள். கடல் உப்பில் சன்ஷேடு கம்பி உள்ளே துருப்பிடித்துக் காரை விட்டிருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. தரையில் நின்றே எட்டுகிற நீட்டிக் குறைக்கும் கம்பு வாங்கி, அதில் வைப்பர் தலையை மாட்டுங்கள். கம்பு எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு வளையும், எனவே முழு நீளத்துக்கு இழுக்காமலே எட்டும் அளவாகப் பாருங்கள். தலை மாட்டும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. சன்னல் பக்கமாக ஈபி வயர் போனால் அலுமினியக் கம்பை அந்தப் பக்கம் தூக்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீரும் பீய்ச்ச வேண்டாம். அந்த ஒரு சன்னல் அழுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

கருங்கல்: மைக்ரோஃபைபர் துணியை எப்படி அலச?

மற்ற துணியோடு போடாமல் தனியாக, சாதா சோப்புப் பொடியில். துணி மணக்கப் போடும் கம்ஃபர்ட் மாதிரி எதுவும் வேண்டாம், போட்டால் துணி தண்ணீரை உறிஞ்சாது. நிழலில் காயப் போடுங்கள், மணல் பறக்கும் முற்றத்தில் அல்ல.