பொருளாதார மந்தத்தில் சிங்கப்பூர் அரசு வேலைகளை எப்படிக் காப்பாற்றுகிறது?

கேள்வி இதுதான்: மந்தம் வந்தால் அரசு புது வேலைகளை உருவாக்குமா, வெறும் பணம் கொடுக்குமா?

இரண்டுக்கும் முன்னால் இங்கே செய்வது, இருக்கிற வேலை போகாமல் பார்ப்பது. 2009-இல் வந்த ஜாப்ஸ் கிரெடிட் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய சேமநிதி செலுத்தப்படும் ஒவ்வோர் ஊழியருக்கும் மாதச் சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) 12% முதலாளிக்குக் கிடைத்தது. தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடை, பரிமாறுபவருக்குச் சம்பளம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 240 வெள்ளி. காலாண்டுக்கு ஒருமுறை 720 கைக்கு வரும். ஆளை அனுப்பிவிட்டால் அதுவும் போச்சு. பரோட்டா மாஸ்டர் வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் என்றால் அவருக்கு சேமநிதி கிடையாது, ஆகவே இதுவும் கிடையாது. இந்தத் திட்டங்களில் எனக்கு உறுத்துவது இதுதான்.

பணம் எங்கிருந்து வந்தது? கடந்தகால இருப்புநிதியிலிருந்து, அதாவது முந்தைய ஆட்சிக்காலங்களில் சேர்த்துவைத்த பணத்திலிருந்து. அதைத் தொட அதிபரின் ஒப்புதல் வேண்டும். அப்போது ஒப்புதல் தந்தவர் எஸ்.ஆர். நாதன், நிதியமைச்சர் தர்மன். 2020-இல் கோவிட் வந்தபோது அதே யோசனை பெரிதானது: ஏப்ரல் சம்பளத்துக்கு முதல் 4,600 வெள்ளியில் 75%.

1986-இல் வழி வேறு. முதலாளிகளின் சேமநிதிப் பங்கை 25%-இலிருந்து 10%-ஆகக் குறைத்தார்கள். செலவு குறைந்தது, ஆனால் ஊழியரின் சேமிப்பில் கைவைத்து.

அப்புறம் பயிற்சி. 2025-இலிருந்து, வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாத காலத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை உதவி உண்டு. சும்மா இல்லை, வேலை தேடுவதையோ பயிற்சிக்குப் போவதையோ காட்டவேண்டும்.