ஆறு நாள் அட்டவணை வேண்டாம்

தம்பி, திருநகரில் மாடி வீடு, ஒரு பார்பெல் (எடை மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பி), 60 கிலோ பிளேட், கம்பியைத் தாங்கும் ஸ்டாண்ட் கிடையாது. வாரம் ஆறு நாள் அட்டவணை சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். புதிதாகத் தூக்குகிறவருக்கு வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

முதல் நாள் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), தரையில் படுத்தபடி பிரஸ் (கம்பியை மேலே தள்ளுவது), ரோ (குனிந்து நின்று கம்பியை வயிற்றை நோக்கி இழுப்பது). அடுத்த முறை ஸ்குவாட், நின்றபடி தலைக்கு மேல் பிரஸ், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது). இப்படியே மாற்றி மாற்றி. ஒவ்வொன்றும் 5 செட் (சுற்று), செட்டுக்கு 5 தடவை. டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். ஸ்டாண்ட் இல்லாததால் தரையிலிருந்து நெஞ்சு வரை தூக்கி, முன்பக்கம் வைத்தே ஸ்குவாட் போடுங்கள். ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூட்டுங்கள். அதற்கு 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வேண்டும். இதை வாங்கத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒரே எடையில் மூன்று நாள் தடுமாறினால் பத்து சதவீதம் குறைத்துவிட்டு மறுபடி ஏறுங்கள்.

பிளேட் மாட்டாமல் வெறும் பார்பெல்லைப் பழைய இரும்புக் கடைத் தராசில் எடை போட்டுப் பாருங்கள். எனக்கு 20 கிலோ என்று விற்றது 14தான் இருந்தது!

சித்திரை வெயிலில் மாடி அறை அடுப்பு மாதிரி கொதிக்கும், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம், தடித்த ரப்பர் பாய். வீட்டுக்காரர் கீழேதானே குடியிருக்கிறார்?