வாசகர் கேள்வி, சட்ட விளக்கம்: வங்கிக் கணக்குக்குத் துணைக்கு ஆள் வேண்டுமா?

கேள்வி: பிறவியிலேயே பார்வை இல்லாத நான், அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். சம்பளக் கணக்குள்ள வங்கிக் கிளையில் காசோலைப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் கேட்டால், பார்வையுள்ள உறவினர் ஒருவரைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கச் சொல்கிறார்கள். “உங்கள் பாதுகாப்புக்குத்தான் சார்” என்கிறார்கள். இதற்குச் சட்டத்தில் இடமுண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இடமில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்துகொள்பவருக்கு உரிய வயதையும் தெளிந்த மனநிலையையும் கேட்கிறதே தவிர, கண்பார்வையைக் கேட்கவில்லை. காசோலை, ஏடிஎம், இணையவழிச் சேவை, பெட்டகம், கடன், கடன் அட்டை ஆகிய எல்லாவற்றையும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடின்றி வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் மாதமே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 13-ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் தம் பண விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கவும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமையை உங்களுக்கும் உறுதிசெய்கிறது.

பாதுகாப்பு என்று அவர்கள் சொல்வதைச் சற்று ஆராய வேண்டும். நீங்கள் உழைத்து ஈட்டும் சம்பளம் முழுவதையும், உங்களைக் கேட்காமலே எடுக்கக்கூடிய இன்னொருவரிடம் திறந்துவிடுவது எந்த வகையில் பாதுகாப்பு? மாற்றுத்திறனாளிகளின் பணம் பல வீடுகளில் உறவினர்களாலேயே பறிபோகிறது என்பதை அறிந்தவர்கள் இந்த யோசனையைச் சொல்லவே தயங்குவார்கள். மரியாதையான குரலில் சொல்லப்படுவதாலேயே இத்தகைய பாகுபாட்டை எதிர்ப்பது கடினமாகிவிடுகிறது, கவுன்ட்டரில் உங்களை விட்டுவிட்டு உடன் வந்தவரிடம் “இவருக்கு என்ன வேண்டும்?” என்று கேட்பதும் இதே மனப்பான்மைதான்.

வாய்மொழியாக வாதாட வேண்டாம். 2008 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டுக் கிளை மேலாளருக்கு எழுத்தில் விண்ணப்பித்து, ஒப்புகை பெறுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் வங்கியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் மனுச் செய்யலாம்.

கேள்வி: எனக்கும் பார்வை இல்லை. கைப்பேசியில் கணக்குத் தொடங்க முயன்றால், கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறது. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: அமில வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டோரும் பார்வையற்ற ஒருவரும் இதற்காகவே தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளர் நேரில் இருப்பதை உறுதிசெய்யக் கண் சிமிட்டலை மட்டுமே நம்பாமல் மாற்று வழிகளை ஏற்க வேண்டும் என்பதும் அதில் அடங்கிய 20 உத்தரவுகளில் ஒன்று. அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, மாற்று வழி கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பின்னர் புகார் செய்ய நேர்ந்தால் அந்த மின்னஞ்சலே உங்கள் முதல் சான்றாகும்.