வால்நட் தோலைக் கொட்டிவிடட்டுமா?

கேள்வி: நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தில். வாடகை வீட்டின் பின்புறம் ஒரு பெரிய கறுப்பு வால்நட் மரம். செப்டம்பர் கடைசியிலிருந்து காய்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. அதன் பச்சைத் தோலை வைத்துக் கம்பளி நூலுக்குச் சாயம் போடலாம் என்று கேள்விப்பட்டு, இரண்டு பக்கெட் நிறையச் சேர்த்துவிட்டேன். ஆனால் எனக்கு டிசம்பர் லீவில்தான் நேரம் கிடைக்கும். அதற்குள் தோலெல்லாம் கறுத்துப்போய், உள்ளே வெள்ளைப் புழு வேறு நெளிகிறது. கொட்டிவிடட்டுமா, இல்லை காப்பாற்ற வழி உண்டா?
- வாசகி, ஓஹையோ

பதில்: கொட்டாதீர்கள்! கறுத்தது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. வெட்டிய வாழைக்காய் கறுப்பது போலத்தான், தோல் நசுங்கிக் காற்றுப் பட்டதும் உள்ளே இருக்கும் பொருள் ஜக்லோன் என்ற சாயப்பொருளாக மாறி, அப்படியே கறுத்துக்கொண்டு போகிறது. நமக்கு வேண்டியது அந்தக் கறுப்புதான். மருதாணியில் நிறம் தருகிற லாசோனும் இந்த ஜக்லோனும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி: இரண்டிலும் 10 கார்பன், 6 ஹைட்ரஜன், 3 ஆக்ஸிஜன் அணுக்கள், ஒரு கொத்து மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் கையுறை இல்லாமல் தோலை உரித்தால் மருதாணி வைத்த மாதிரி கை சிவக்காமல், தார் பூசிய மாதிரி கறுத்துப்போய் இரண்டு மூன்று வாரம் போகவே போகாது. (காஷ்மீரில் அறுவடைக் காலத்தில் வால்நட் உரிப்பவர்களின் கையைப் பார்த்தால் தெரியும். அங்கே மரம் வேறு இனம், ஆனால் கறை ஒன்றுதான்.)

புழுவும் சாயத்தைக் கெடுக்காது. தோலில் முட்டையிடும் ஒருவகை ஈயின் புழு அது. காய்ந்தாலோ, தண்ணீரில் மூழ்கினாலோ செத்துவிடும், கடைசியில் வடிகட்டத்தானே போகிறோம். அருவருப்பாக இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வேறு வழி தெரியவில்லை.

சரி, வைத்திருப்பது எப்படி? நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: தோல் முழுசாகக் காய வேண்டும், அல்லது முழுசாக நனைந்து கிடக்க வேண்டும். நடுவில் நிற்கும்போதுதான் பூசணம் பிடிக்கும். மிசௌரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்த தோலை அவசரப்பட்டு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் பச்சையும் சாம்பலுமாகப் பஞ்சு முளைத்திருந்தது. அத்தனையும் குப்பைக்குப் போனது.

காயவைப்பதென்றால் தோலைச் சிறு துண்டுகளாக்கி, அட்டையிலோ பழைய ஜன்னல் வலையிலோ ஒரே அடுக்காகப் பரப்பி, மழைபடாமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நிலவறை வேண்டாம், அங்கே ஈரம் அதிகம். ஒரு துண்டை எடுத்து மடக்கினால் வளையக் கூடாது, மடக்கென்று ஒடிய வேண்டும். அதன் பிறகே துணிப்பையிலோ பழுப்புக் காகிதப் பையிலோ போட்டு, மாதத்தை எழுதி வையுங்கள். இப்படிக் காய்ந்த தோல் வருஷக்கணக்கில் இருக்கும். பொடி செய்தால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பக்கெட் வழி இன்னும் சோம்பேறித்தனமானது, எனக்குப் பிடித்ததும் அதுதான். தோல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடி, அப்படியே மறந்துவிடலாம். புளித்து, சகிக்க முடியாத நாற்றம் வரும், ஆனால் நிறம் நன்றாக இறங்கும். மூடியை இறுக்கிவிடாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். கொசு போகாத அளவுக்கு மூடினால் போதும். மேலே ஆடை மாதிரி பூசணம் படர்ந்தால் வழித்து எறியலாம். கராஜில் வைத்தால் டிசம்பரில் உறைந்து பக்கெட் விரிசல் விடும், மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். இரும்பு வாளி கூடாது, நிறம் சாம்பலுக்குப் போய்விடும்.

ஃப்ரீசரில் இடமிருந்தால் இந்த வம்பே இல்லை. இரட்டைப் பையில் போட்டு அப்படியே உள்ளே தள்ளுங்கள். உரிக்கக்கூட வேண்டாம், காயோடு வைக்கலாம், புழுவும் செத்துவிடும்.

சாயம் போடும்போது 100 கிராம் நூல் சிட்டத்துக்குக் காய்ந்த தோல் 100 கிராம், ஈரத் தோல் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு என்று ஆரம்பியுங்கள். இரவு ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் மெல்லக் காய்ச்சி, வடிகட்டி, ஆறிய பிறகு நனைத்த நூலைப் போட்டுச் சிறு தீயில் இன்னொரு மணி நேரம். கொதிக்க விடாதீர்கள், சூட்டில் குலுக்கிக் குலுக்கிக் கிளறவும் வேண்டாம், கம்பளி சுருங்கிக் கட்டியாகிவிடும். படிகாரம் தேவையில்லை, இது தானாகவே பிடிக்கும். இரவு முழுக்க அதிலேயே கிடந்தால் இன்னும் ஆழமான காப்பிக்கொட்டை நிறம். கறுப்புப் பக்கம் போக வேண்டுமென்றால் கடைசியில் 2 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) வெந்நீரில் கரைத்துச் சேருங்கள், அதற்கு மேல் போட்டால் நூல் முரடாகும். பருத்தியில் நிறம் இவ்வளவு ஏறாது. கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம் படிகாரத்தில் முக்கிவிட்டுப் போட்டால் பரவாயில்லை.

இந்த வேலைக்குச் சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். மீந்த தண்ணீரையும் சக்கையையும் தக்காளி, கத்தரி, மிளகாய்ப் பாத்தியில் கொட்டாதீர்கள், ஜக்லோன் பட்டால் குறிப்பாகத் தக்காளிச் செடி வாடிவிடும். நாய் வளர்த்தால் பூசணம் பிடித்த தோல் அதன் வாய்க்கு எட்டக் கூடாது, வலிப்பு வரும் அளவுக்கு விஷம். வீட்டு உரிமையாளர் கோபிக்காமல் இருக்க வேண்டுமென்றால் சிமென்ட் தரையில் வைத்து நசுக்கவும் வேண்டாம்.

கேள்வி: கடையில் வாங்கிய வால்நட்டின் ஓடுகளை ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். இதிலும் சாயம் வருமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வராது. சரியாகச் சொன்னால், மங்கலாக ஏதோ வரும், பட்ட பாட்டுக்குப் போதாது. சாயம் இருப்பது ஓட்டுக்கு வெளியே இருக்கும் சதைப்பற்றான பச்சைத் தோலில், அதைத் தோப்பிலேயே உரித்துவிட்டுத்தான் நமக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊரில் ஜூஸ் கடைக்காரரிடம் சொல்லி வைத்து மாதுளைத் தோலை வாங்குங்கள். மேலே சொன்ன மாதிரியே ஒடியும் வரை காயவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். படிகாரத்தோடு மஞ்சள், அன்னபேதியோடு கருஞ்சாம்பல். வால்நட் ஓடு அடுப்பில் நன்றாக எரியும்.