அடித்தால்தான் கேஸ் நிற்குமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். இரண்டும் பெண் குழந்தைகள். கணவர் அடித்ததில்லை, ஆனால் தினமும் காது கூசும் பேச்சு. ‘ஆம்பளப் புள்ள பெத்துத் தர வக்கில்ல’ என்று மாமியாரும் சேர்ந்துகொள்வார். என் சம்பள ஏ.டி.எம். கார்டு கணவரிடம். வீடு மாமியார் பெயரில் இருப்பதால், வெளியே தள்ளுவேன் என்கிறார். ஸ்டேஷன் பக்கத்தில் மனு எழுதுபவர், ‘அடித்தார், பத்துப் பவுன் கேட்டார் என்று வன்கொடுமை கேஸாக எழுதினால்தான் நிற்கும்’ என்று மூவாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்களுக்கு நடப்பதே போதும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உடலில் படும் அடியோடு நிற்கவில்லை. ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவதைத் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறது. உங்கள் சம்பளம் உங்கள் கைக்கு வராமல் செய்வது பொருளாதார வன்முறை.

‘வன்கொடுமை’ என்ற சொல் உங்கள் மனுவில் வேண்டாம். ஸ்டேஷனில் அதைப் படித்தால் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கான 1989ஆம் ஆண்டுச் சட்டம்தான் முதலில் நினைவுக்கு வரும்; முன்னால் ‘பாலியல்’ சேர்ந்தால் விஷயமே வேறு. ‘குடும்ப வன்முறை’ என்றே எழுதுங்கள். கேட்காத பவுனைக் கேட்டதாக எழுதினால், குறுக்கு விசாரணையில் எந்தத் தேதி, யார் முன்னால் என்று குடைவார்கள். அங்கே தடுமாறினால் உண்மையில் நடந்ததும் பொய்யாகிவிடும். எழுதிக் கொடுத்தவர் அன்றைக்குக் கோர்ட் பக்கமே வரமாட்டார்.

இவர்கள் எழுதும் மனு எனக்கு மனப்பாடம்: ‘தகாத வார்த்தைகளால் திட்டி, மனரீதியாகவும் உடல்ரீதியாகவும் துன்புறுத்தி, கொலை மிரட்டல் விடுத்து...’ பெயரை மாற்றினால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். கணவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள், கூசினாலும். எந்த நாள், குழந்தைகள் பக்கத்தில் இருந்தார்களா என்பதையும் சேருங்கள். சம்பளம் ஏறிய அன்றே பணம் போயிருப்பதைக் காட்டும் பாஸ்புக் பக்கம் ஒன்று போதும், பத்துப் பக்க மனு வேண்டாம்.

வீட்டு விஷயத்தில்தான் பலர் பயந்து, தாங்களாகவே வெளியேறிவிடுகிறார்கள். மாமியார் வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்பது பழைய தீர்ப்பு. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதை மாற்றிவிட்டது. கல்யாணமாகி நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு யார் பெயரில் இருந்தாலும், சட்டப்படி அல்லாமல் உங்களைத் தள்ள முடியாது. ஆனால் இது குடியிருக்கும் உரிமைதான், சொத்தில் பங்கு அல்ல. கோர்ட் நினைத்தால் வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கொடுக்கவோ சொல்லலாம். உங்களை வெளியேற்ற இன்னொரு குறுக்குவழியும் உண்டு: மூத்த குடிமக்கள் சட்டத்தில் மாமியாரை மனுப் போடவைத்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் நோட்டீஸ் வரவைப்பார்கள். மருமகளின் இந்த உரிமையை அந்தச் சட்டத்தைக் காட்டிப் பறிக்க முடியாது என்று 2020 டிசம்பரில் தீர்ப்பு இருக்கிறது. நோட்டீஸைப் பார்த்ததும் பெட்டி கட்டாதீர்கள், பதில் கொடுங்கள்.

எங்கே போவது? மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். உங்கள் புகாரைப் படிவத்தில் எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் வேலை, உங்களுக்குச் செய்யும் தயவு அல்ல. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது குடும்ப வன்முறைச் சட்டம். நடப்பதோ வாய்தாமேல் வாய்தா. விரல்விட்டு எண்ணும் அலுவலர்களை உட்காரவைத்து, அவர்கள் தலையில் வேறு பத்து வேலையும் கட்டினால் எப்படி முடியும்? அதனால் மனுவோடு, கேஸ் முடியும்வரை நிற்கும் இடைக்கால உத்தரவும் அதே சட்டத்தின் 23ஆம் பிரிவில் கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை, அது இடைக்காலமானாலும், மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

மகளிர் ஸ்டேஷனுக்குப் போனால் ‘பேசித் தீர்த்துக்கோங்க’ என்பார்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்தும் வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு: கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு, போனில் 15100. அவசரமென்றால் 181.

கணக்கு உங்கள் பெயரில் இருந்தால், கார்டை முடக்கிப் புதிது வாங்கக் கணவர் கையெழுத்துத் தேவையில்லை. அன்றைக்கு வீட்டில் ரகளை நடக்கும், அதனால் முதலில் மனு, பிறகு வங்கி. கணக்கில் அவர் செல் நம்பர் இருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓ.டி.பி. அவருக்கே போகும்.